பிக்கப் வண்டி காற்றடித்த கல்யாணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. நோர்வூட் தபால் கந்தோரில் வாங்கிய கையோடு அங்கேயே நின்று படித்தேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா மறுபடியும் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னாள். கறியில் உப்பு கூடிப்போனதற்கு உன் மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை என்று நீ எழுதியிருந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். உப்புக்கு அழுகிற பொம்பளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். அதற்கு எனக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு குளிர்ந்தது. கடைசியில் ஒன்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த நீளக் கடிதம். கல்யாணத்தன்று நம் தண்ணீர்க் குழாயில் என்ன அடைத்திருந்தது என்று நீ புகுந்த இறம்பொடையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். மரநாய் செத்துக் கிடந்தது என்கிறார்களாம், வேண்டாதவர்கள் செய்வினை வைத்தார்கள் என்கிறார்களாம். அன்று நீ மஞ்சள் பூசிக்கொண்டு அடைத்த கதவுக்குள் உட்கார்ந்திருந்தாய். மணப்பெண் வாசல் தாண்டக் கூடாது என்று பெண்களெல்லாம் உன்னைக் காவல் காத்தார்கள். உனக்கு இஞ்சின் போட்ட சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும். மீதியை நான் சொல்கிறேன். 

அதற்கு முன்னால் உனக்கு வந்த முதல் சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நீயும் கேட்டதில்லை. அவர்கள் வந்து, பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் அவர்கள் வந்த பஸ் மேட்டில் பழுதாகி நின்றுவிட்டது. மறுநாள் ஆள் அனுப்பினார்கள், சகுனம் சரியில்லை, வேண்டாம் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நான் தோட்டத்து டிரைவர். ஒரு பஸ் மேட்டில் நின்றால் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன், டிரைவரைத் திட்டுவேன். அதற்கும் என் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நீ? மறுநாள் விடியற்காலை கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனாய். பாதை வளைவில் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் உன்னைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை. உன் அம்மா அன்றிலிருந்து கோயில் கோயிலாக நேர்ந்துகொள்ள ஆரம்பித்தாள். நான் கேலி செய்வேன். ஆனால் மனசுக்குள் எனக்கும் அதே பயம்தான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பிறகு உன்னைக் கேட்டு யாரும் நம் லயத்து வரிசையில் வீட்டுப் படி ஏறமாட்டார்கள்.

ஆகவே கல்யாணத்தன்று காலையில் உன் அம்மா வெறும் குடத்தோடு வந்து நின்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

"என்னங்க, பீலியில தண்ணி வரலைங்க."

"வராம எங்க போகும்? நல்லா பாத்தியா?"

"சொட்டுக்கூட இல்லைங்க."

போய்ப் பார்த்தேன். லயத்துக் கோடியில் வருஷம் முழுக்க நிற்காமல் கொட்டுகிற பீலி காய்ந்து கிடந்தது. மலைக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் விழுகிற தொட்டி இருக்கிறதே, அங்கே ஓர் ஆளை ஓடவிட்டேன். தொட்டி நிரம்பி வழிகிறது என்று வந்து சொன்னான். அப்படியானால் தொட்டிக்கும் பீலிக்கும் நடுவில் இரும்புக் குழாய் எங்கோ அடைத்துக்கொண்டது. கம்பி விட்டுக் குத்திப் பார்த்தோம். மூங்கிலை விட்டுப் பார்த்தோம், அது உள்ளேயே உடைந்து, அதை இழுத்து எடுப்பது தனிப் பாடாகிவிட்டது. ஆவணி மழையில் ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. சமையலுக்கு வேண்டுமானால் அடுத்த டிவிஷனில் இருந்து தூக்கிவந்து சமாளிக்கலாம். ஆனால் பெண்ணுக்கு ஊற்றுகிற நலங்குத் தண்ணீர் அந்த லயத்துப் பீலியில்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த நாளிலிருந்து இருக்கிற வழக்கம். அந்தக் குடம் நிறையாமல் உன்னை மணையில் உட்கார வைக்க முடியாது.

மாப்பிள்ளை வீட்டார் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். முகம் கழுவத் தண்ணீர் கேட்டு ஆள் வந்தது. ஒளித்து வைக்கிற விஷயமா இது? கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், அந்தப் பெரிய கங்காணி, தலைப்பாகையும் கோட்டுமாக இறங்கி வந்துவிட்டார்.

"சம்பந்தி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பொண்ணு வீட்டுல தண்ணி நின்னு போறது நல்லதுக்கில்ல. இன்னொரு நாள் பாத்துக்குவோமே."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கங்காணி ஐயா, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குங்க. அதுக்குள்ள தண்ணி வரும்," என்றேன். எப்படி வரும் என்று எனக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது.

சொல்லிவிட்டுத் திரும்பினால் கண்ணில் பட்டது நான் ஓட்டுகிற தோட்டத்துப் பிக்கப். மாப்பிள்ளை வீட்டாரின் சாமான்களை ஏற்ற இறக்க என்று துரையிடம் கேட்டு அன்றைக்கு வாங்கி வைத்திருந்தேன். டயருக்குக் காற்றடிக்கிற கொம்ப்ரசர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இருந்தது. குழாயின் கீழ்வாயில் அதை மாட்டிப் பலமாகக் காற்றை ஏற்றினால், அடைத்திருப்பது எதுவானாலும் வந்த வழியே மேலே போய்த் தொட்டியில் விழ வேண்டும். ஆனால் கொம்ப்ரசரை ஓட்டுகிற சின்ன இஞ்சின் பழுதாகி, திருத்துவதற்கு அட்டனுக்குப் போயிருந்தது. காற்றுத் தொட்டியும் சக்கரமும் மட்டும் அனாதையாகக் கிடந்தன. இஞ்சின் இல்லாவிட்டால் என்ன, என் பிக்கப்பில் ஒரு இஞ்சின் இருக்கிறதே என்று தோன்றியது. அந்த நேரத்தில் தோன்றியதற்கு உன் அம்மாவின் சாமிகளில் யாருக்காவது நன்றி சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும்.

நாலு பேர் சேர்ந்து கொம்ப்ரசரைத் தூக்கிவந்து பீலிக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். கடப்பாரைகளை அடித்து அதை நிலத்தோடு கட்டினேன். பிக்கப்பின் ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன், டயரைக் கழற்றினேன். வெறும் ரிம் பெரிய கப்பி மாதிரி நின்றது. ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோதைகளுக்கு மாட்டுகிற தோல் பெல்ட்டில் பழைய துண்டு ஒன்று கிடந்தது. அதை ரிம்மிலும் கொம்ப்ரசரின் சக்கரத்திலும் சுற்றி நுனிகளைக் கோத்துத் தைத்தேன். மற்றப் பின்சக்கரம் தரையில் அசையாமல் நின்றால் இஞ்சினின் பலமெல்லாம் தூக்கிய சக்கரத்துக்குப் போகும். கைப்பிரேக் போட முடியாது, போட்டால் தூக்கிய சக்கரமும் நின்றுவிடும். அதனால் கல்லை வைத்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். கருங்கல்லாகப் பார்த்துப் பொறுக்கி முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்தேன். ஈரத் தரை. ஜாக்கி வழுக்கினால் வண்டி நேரே கல்யாணப் பந்தலுக்குள் போகும். பந்தலை ஒட்டிய அறையில் நீ இருந்தாய். துரை பிக்கப்பைத் தந்தது கல்யாணத்துக்குத்தான், சக்கரத்தைக் கழற்ற அல்ல. பார்த்தால் பத்துச்சீட்டுத்தான், தோட்டத்தை விட்டே போக வேண்டியதுதான். அன்று எனக்கு அந்தப் பயம்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

இஞ்சினைக் கிளப்பி கியர் போட்டேன். எக்சிலேட்டரைக் கையால் இழுத்து நிறுத்திவைக்கிற குமிழ் அந்த வண்டியில் உண்டு, அதை இழுத்துவிட்டு இறங்கினேன். ரிம் சுற்றுகிறது, பெல்ட் சுற்றவில்லை. மழை ஈரத்தில் வழுக்குகிறது. ஸ்டோரில் இப்படி வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவார்கள். குங்கிலியத்துக்கு நான் எங்கே போவேன்? "ஏய், அந்த சாம்பிராணிய எடுத்தா!" என்று உன் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் தட்டோடு கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த அத்தனையையும் நுணுக்கிப் பெல்ட்டில் போட்டேன். பெல்ட் பிடித்துக்கொண்டது. சூடு ஏற ஏறச் சாம்பிராணிப் புகை கிளம்பியது. உனக்குக்கூட அறைக்குள் மணந்திருக்கும். பின்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர், வண்டிக்குப் பூசை போடுகிறார்கள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காற்று ஏறியது. கொம்ப்ரசரின் முள் மேலே போயிற்று. ரப்பர் ஹோசைக் குழாயின் கீழ்வாயில் மாட்டி, பழைய டியூபைக் கிழித்துச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தேன். திறந்தேன். படார் என்று கட்டு பிய்த்துக்கொண்டு, குழாயில் மிஞ்சியிருந்த சேறும் தண்ணீரும் அப்படியே பீறி அடித்தது. எங்கே அடித்தது என்கிறாய்? கங்காணியின் வெள்ளைக் கோட்டில். தலைப்பாகையிலிருந்து செருப்பு வரைக்கும். சிரிக்காதே. அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. தப்படிக்கிறவர்கள்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"போதும்," என்றார் கங்காணி. "ஏய், நம்ம ஆளுங்கள லொறியில ஏறச் சொல்லு."

 பஸ் நின்றது, உன் முதுகு, பாதை வளைவு எல்லாம் கண் முன்னே வந்தது. உன் அம்மா அப்படியே நின்றாள். எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பயத்தில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய மாப்பிள்ளை, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, சேற்றில் இறங்கி வந்தார். அதுவரைக்கும் நான் அந்தப் பிள்ளையோடு நாலு வார்த்தை பேசியதில்லை. இறம்பொடைத் தோட்டத்து ஸ்டோரில் வேலை, தகப்பன் இல்லை, தாய்மாமன் வளர்த்தார், அமைதியான பையன். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அமைதி என்றால் அதில் நல்லதும் உண்டு, மண்ணும் உண்டு. எந்த அமைதி என்று நான் எப்படிக் கண்டேன்?

"மாமா, கொஞ்சம் பொறுங்க," என்றார் கங்காணியிடம். "கோட்டு தோய்ச்சா போகும். நான் இந்தக் கல்யாணத்த முடிச்சிட்டுத்தான் லொறியில ஏறுவேன்."

"தண்ணி நின்னு போன வீடுடா."

"தண்ணி நிக்கலைங்க மாமா. கொழாய்தான் அடச்சிருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "மாமா, மேல தொட்டிகிட்ட யாரும் வேணுமா? நான் போறேன்," என்றார்.

பாப்பா, அந்த ஒரு சொல் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. வேணும் தம்பி, மேலே ஒருத்தர் வேண்டும், குழாயின் வாயைத் துப்புரவாக வைத்துக்கொண்டு, தயாரானதும் கல்லால் குழாயைத் தட்ட வேண்டும், இரும்பில் சத்தம் கீழே கேட்கும் என்றேன். அட்டைகள் நிறைந்த தேயிலைக்குள் நுழைந்து மேலே ஏறினார். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துப் பிழிந்தார். நான் ஹோசை மறுபடியும் மாட்டி, இந்தத் தடவை இரண்டு சுற்றுக் கம்பி கட்டி முறுக்கினேன். முள் மேலே ஏறும் வரைக்கும் காத்திருந்தேன். குழாயில் டங் என்று கேட்டது. திறந்தேன்.

உள்ளே என்னவோ முனகியது. குழாய் முழுக்க நடுங்கியது. பெல்ட் கதறியது. ஜாக்கி ஓரமாகச் சாய்கிற மாதிரி இருந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை, பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று. அப்புறம் மேலேயிருந்து டங் டங் டங் என்று விடாமல் தட்டுகிற சத்தம். இஞ்சினை அணைத்து ஹோசைப் பிடுங்கினேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. குழாய் இருமியது, சிவப்புத் தண்ணீர் துப்பியது, பிறகு கொட்டியது. தெளிந்த தண்ணீர், பழைய மாதிரி, பாறையில் அடித்துக்கொண்டு. பெண்கள் போட்ட குலவை உனக்குக் கேட்டிருக்குமே.  உன் அம்மா முதல் குடத்தைப் பிடித்தாள். 

மாப்பிள்ளை இறங்கி வந்தார். முழங்கை வரைக்கும் ஈரம், கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். என்ன இருந்தது, என்ன இருந்தது என்று ஒரே கேள்வி.

"இலையும் மண்ணுந்தான்," என்றார். "வேற என்ன இருக்கப்போவுது?"

கங்காணி விடவில்லை. "நல்லா பாத்தியாடா?"

"நான்தானே மாமா கையால எடுத்துப் போட்டேன். இலையும் மண்ணும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கங்காணிக்கு என் ஒரே கோட்டைக் கொடுத்தேன், அவருக்கு அதில் பொத்தான் போட முடியவில்லை. தாலி ஏறியது. இலை போட்டோம். உன் இலையில் பாயாசத்தை யார் இரண்டு தடவை ஊற்றினார்கள் என்று நீ திரும்பிப் பார்த்தாய், நான்தான்.

உனக்குத் தெரியாத பகுதி இனிமேல்தான். நீங்கள் புறப்படுகிற நேரம். மாப்பிள்ளை உன் அம்மாவின் காலில் விழுந்து எழுந்தார். எழும்போது மடியிலிருந்து எதையோ எடுத்து அவள் கைக்குள் வைத்து மூடினார். நான் பக்கத்தில் நின்றேன், அதனால் பார்த்தேன். ஈரமான ஒரு மஞ்சள் துணி முடிச்சு, அதோடு துருப்பிடித்த சல்லடைத் துண்டு.

"அத்தை," என்று மெதுவாகச் சொன்னார், "இத வேற எடத்துல கட்டுங்க. கொழாய் வாயில வேணாம்."

பந்தக்கால் நட்ட அன்று மாலை உன் அம்மா தொட்டிக்குப் போய்ச் சூடம் கொளுத்தி நேர்ந்துகொண்டு வந்தாள் அல்லவா? பெண்ணைப் பெற்றவள் நேர்ந்து கட்டுகிற மஞ்சள் முடிச்சு அது, பார்த்ததும் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்; எல்லாரும் அதைத் தொட்டிக்கு அருகில் இருக்கிற மரத்தில்தான் கட்டுவார்கள். முதல் சம்பந்தத்தின்போது மரத்தில் கட்டித்தான் பலிக்கவில்லை என்று இவளுக்கு ஒரு கணக்கு. இந்தத் தடவை தண்ணீருக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கட்டும் என்று தொட்டிக்குள் குழாயின் வாயில் இருந்த சல்லடையிலேயே கட்டிவிட்டாள். பாக்கும் மஞ்சளும் வைத்த கனமான முடிச்சு. துருப்பிடித்த சல்லடை பிய்ந்து, முடிச்சோடு உள்ளே போய் முதல் வளைவில் அடைத்துக்கொண்டது. உன் கல்யாணம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று கட்டிய முடிச்சு! அன்று காலையில் அவள் ஏன் பேசாமல் நின்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வாள்? சொல்லியிருந்தால் கங்காணி என்ன சொல்லியிருப்பார்? பெண்ணின் தாயே கல்யாணத்தை அடைத்தாள் என்று ஏழு தோட்டத்துக்கும் சொல்லியிருப்பார்.

அந்த மனுஷரைத் தப்பாக நினைக்காதே. தகப்பனில்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர், பிள்ளைக்கு ஒன்று ஆகிவிடுமோ என்கிற பயத்தில்தான் சகுனம் பார்க்கிறார். எனக்கு உன்னைப் பற்றி இருந்த அதே பயம். அவர் வந்தால் தேநீரில் சீனி கூடப் போடு, கோட்டைப் பற்றி மட்டும் சிரித்துவிடாதே. உன் அம்மாவைப் போல பயத்தை வாய்க்குள் வைத்து மூடிக்கொள்ளாதே, என்னைப் போல அதைக் கத்தலாக மாற்றவும் செய்யாதே. ஒரு மனுஷன் பக்கத்தில் இருக்கிறார், அவரிடம் சொல். குழாயில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் இலையும் மண்ணும் என்று சொல். உன் வீட்டுக்காரர் சொன்னதே உன் வாயிலும் வரட்டும். இந்த விஷயம் உனக்குத் தெரியும் என்று அவரிடம்கூடக் காட்டிக்கொள்ளாதே. கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடு.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. நீ லொறியில் ஏறும்போது அழுதுகொண்டே என்னைத் தேடித் திரும்பினாய். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். உன் முகம் சுருங்கிப் போயிற்று. பெண்ணை அனுப்புகிற நாளில் இந்த அப்பனுக்கு என்ன சிரிப்பு என்று நீ நினைத்திருப்பாய், இன்னும் நினைத்துக்கொண்டிருக்கலாம். கடிதத்தில் கேட்கவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவள் செய்த பிழையை எடுத்துத் தன் மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, தன்னை வளர்த்த மாமனின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்ன பிள்ளை அவர். நீ அப்போது அவர் பெண்டாட்டிகூட இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் உன்னை உட்கார வைத்து அனுப்பிவிட்டு, நான் எப்படியம்மா அழுவேன்?

உன் அப்பா